‘நங்கி’ என்றால் எழுந்துவிடுபவர்

சனிக்கிழமைகளில் நிவித்திகல பஸ்ஸில் அந்த அக்காவைப் பார்ப்பேன். ஐம்பது வயதிருக்கும். விரல்களில் தேயிலைக் கொழுந்துக் கறை. கண்டக்டர் எந்தப் பெண்ணை ‘நங்கி’ என்று கூப்பிட்டாலும் இவர்தான் எழுந்து நிற்பார். சிங்களத்தில் தங்கச்சியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஒருநாள் பக்கத்தில் இடம் கிடைத்தபோது, ஏன் என்று கேட்டுவிட்டேன்.

“குவைத்துல வீட்டு வேலைக்கு இருந்தேங்க டீச்சர். அடி தாங்காம ஓடிவந்துட்டேன், கையில பாஸ்போர்ட் இல்ல. ஒரு கடையில நம்ம நாட்டு ஆளு ஒருத்தரு, ‘ஊர் எது நங்கி’ன்னு சிங்களத்துல கேட்டாரு. வெளிய வந்தா, ரோட்டுலயே யாரோ அவரக் கத்தியால குத்திட்டாங்க. பட்டப்பகல். விழுந்து கெடந்து என்னையப் பாத்து ‘நங்கி, நங்கி’ன்னாரு. பொலிஸ் வந்தா மாட்டிக்குவேன்னு, சிங்களமே தெரியாதவ மாதிரி நடந்துட்டேன்.”

“செத்துட்டாரா?”

“நின்னு பாத்திருந்தாத்தானே தெரியும்?”

அப்போது முன்னால் நின்ற ஒரு பிள்ளையைக் கண்டக்டர் ‘நங்கி’ என்றார். அக்கா எழுந்துவிட்டார். பின்சீட்டில் ஒருவன் ‘பிஸ்ஸு’ என்று சிரித்தான், பைத்தியமாம். எனக்கும் சிங்களம் நன்றாகத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.