புகாராச் சீமைச் சம்பந்தம்

எங்கள் மாமாவுக்குக் கீழக்கரையில் பிறந்ததே ஒரு மனக்குறை. ஏழாவது பாட்டனார் புகாராவிலிருந்து குதிரைகளோடு கப்பலேறி வந்த அரபிப் பிரபு என்பார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் இரண்டு குதிரை கூடும். சுதந்திரம் வந்து எட்டுப் பத்து வருஷத்தில் எண்ணிக்கை நாற்பதைத் தொட்டுவிட்டது.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. புத்தகத்தில் இல்லாததைச் சொல்வதென்றால் எங்கள் வாத்தியாருக்குக் கொள்ளை ஆசை. புகாரா பாரசீகத்துக்கும் சீனத்துக்கும் நடுவே கிடந்த எல்லைச் சீமை, அங்கே கடலே கிடையாது, ஆதியில் இருந்தவர்கள் பாரசீகத்துக்கு உறவான பாஷை பேசிய சோக்தியர்கள் என்றார். வீட்டுக்கு வந்து லாத்தாவிடம் ஒப்பித்தேன். லாத்தா என் அக்கா. ஆளானதும் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். என் பாடம்தான் அவளுக்கும் பாடம்.

அவளுக்குச் சம்பந்தம் பேச வந்தார்கள். எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து இருப்பார். வருகிறவர் எப்படிப்பட்டவரோ என்று லாத்தா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வழக்கத்தை மீறி மாப்பிள்ளையும் தன் வாப்பாவோடு வந்திருந்தார். மாமா நாற்பது குதிரைகளையும் அவிழ்த்துவிட்டார். கதவுக்குப் பின்னால் நின்ற லாத்தா சர்பத் தட்டை என் கையில் கொடுத்து, "போயி வாத்தியார் சொன்னதச் சொல்லு புள்ள" என்று முதுகில் தள்ளினாள்.

சொன்னேன். "மாமா, அங்கன மொதல்ல இருந்தவுக அரபிக இல்ல, சோக்தியருக. நெருப்பக் கும்புட்டவுக. புள்ள பொறந்தா, பேச்சு இனிக்கணும்னு நாக்குல தேன் வப்பாக. வந்த காசு போகக் கூடாதுன்னு உள்ளங்கையில பசை தடவுவாக!"

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. உள்ளேயிருந்து உம்மா செருமினாள். சம்பந்தம் போச்சு என்று நான் கதவுப் பக்கம் பின்வாங்கினேன்.

மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்: "அப்ப எங்க வாப்பாவும் அந்த ஊருதான் போல. அவுக கையில தடவுன பசை இன்னும் காயல."

முதலில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தவர் அவருடைய வாப்பாதான்.

அவர்கள் போனதும் மாமா என்னை அடிக்க வந்தார். லாத்தா என்னைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு, "எனக்குச் சம்மதம் மாமா" என்றாள். அதுவரை அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

சரித்திரம் படித்து ஒரு கல்யாணத்தையே முடித்துவைத்ததாகப் பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். சோக்தியர் யாராயிருந்தால் லாத்தாவுக்கு என்ன? இந்த வீட்டில் ஒரு பொம்பளைப் பிள்ளை வாயைத் திறந்தால் அந்த மாப்பிள்ளையின் முகம் எப்படிப் போகும் என்று பார்த்துவரத்தான் என்னை அனுப்பியிருக்கிறாள். பல வருஷம் கழித்து, என்னைப் பெண் பேச ஆட்கள் வந்து உட்கார்ந்த அன்றுதான் அது எனக்கு உறைத்தது.