கொம்புப் பிடியும் கோபக்காரச் சுத்தியலும்

மெருகுக்காரருக்குச் சலூன்காரரின் செருப்புச் சத்தமே ஆகாது. படியேறும்போதே சரக் சரக்கென்று அது இளிப்பதுபோல இருக்கும்.

"அண்ணீ... மறுபடியும் போச்சு!"

அண்ணியாம். மெருகுக்காரர் பெண்டாட்டியை ஊரில் மற்றவர்கள் அப்படிக் கூப்பிட்டால் அது உறவு. இந்த ஆள் சொன்னால் ராகம். மெருகுக்காரர் சக்கரத்தில் பிடித்திருந்த கத்தியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. காது மட்டும் எழுந்துபோய் முன்னறையில் உட்கார்ந்துகொண்டது.

புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே தொழில். துருப்பிடித்துப் பெட்டிகளில் கிடந்த மடக்குச் சவரக்கத்திகளை மறுபடியும் தாடைக்குக் கொண்டுவருவது. துருவை எடுத்து, முகம் தெரியும்வரை மெருகேற்றுவது அவர் வேலை. பழைய பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு, எருமைக்கொம்பில் புதுப்பிடி அறுத்துத் தேய்ப்பது அவள் வேலை. கடைசியில் இரண்டு கொம்புப் பட்டைகளுக்கு நடுவே கத்தியை வைத்து, துளையில் பித்தளைக் கம்பியைச் செருகி, அதன் இரண்டு முனைகளையும் தட்டி விரியவைக்க வேண்டும். அந்தத் தட்டு மட்டும் அவருடையது. "சுத்தியல் ஆம்பளை கையில இருக்கட்டும்" என்று கல்யாணமான புதிதில் கேட்டு வாங்கிக்கொண்டார்.

முன்னறையில் சலூன்காரர் உடைந்த பிடியைக் கொடுத்துவிட்டு, வந்த வேலையை ஆரம்பித்தார். அதாவது, மெருகுக்காரர் கணக்குப்படி அவர் வந்த வேலையை.

"நேத்து ஒரு ஆபீசர் வந்தார் அண்ணி. கத்தியப் பார்த்ததும், 'தம்பீ, மெதுவா... நான் புள்ளகுட்டிக்காரன்...'" என்று கீச்சுக்குரலில் நடுங்கினார். அடுத்த நொடி குரல் கரகரத்து அதட்டியது. "வாசல் தாண்டினதும், 'டேய் டிரைவர், எட்றா வண்டிய!'"

அவள் சிரித்தாள். சும்மா சிரிப்பா அது? கையிலிருந்த அரம் நழுவி விழுகிற சிரிப்பு. மெருகுக்காரர் தமாஷ் சொன்னால் அவள், "அப்புறம்?" என்றுதான் கேட்பாள். தமாஷ் முடிந்துபோயிருக்கும்.

சலூன்காரர் போனதும் அவர் ஆரம்பித்தார். "ஒரு கத்திக்கு எத்தனை தடவை பிடி உடையும்?"

"கொம்புதானேங்க. வெடிக்கும்."

"அது என்ன, அவனுக்கு மட்டும் பார்த்து வெடிக்குது? அவனே உடைச்சு எடுத்துட்டு வர்றான்டி."

"எதுக்கு?"

"'அண்ணீ... மறுபடியும் போச்சு'ன்னு இழுக்கத்தான்!"

இவர் குரலில் அது இருமல் வந்த ஆடு மாதிரி இருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கொம்பை எடுக்க உள்ளே போனாள்.

புதுப்பிடி தயாரானதும் அவர் சுத்தியலை எடுத்தார். மற்றவர் கத்தி என்றால் டிக், டிக் என்று கோழி கொத்துகிற மாதிரிதான் தட்டுவார். இது அந்தக் கத்தி. 'அண்ணீ': டங். 'புள்ளகுட்டிக்காரன்': டங். இனிமேல் எப்படி உடைக்கிறான் பார்க்கலாம், இறுக்கிற இறுக்கில்: டங், டங்.

அடுத்த வாரமே சரக் சரக்.

இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. சலூன்காரரை அனுப்பிவிட்டு, உடைந்த பிடியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கழிவு டப்பாவைக் கவிழ்த்து, சலூன்காரரின் முந்தைய பிடிகளையும் பொறுக்கி எடுத்தாள்.

"என்னங்க, இங்க வாங்க. இது பல் டாக்டர் கத்தி. நீங்க தட்டின கம்பித்தலை கடுகு மாதிரி உருண்டையா இருக்கு. இத பாருங்க, சலூன்காரரோடது. நசுங்கின சட்டைப் பொத்தான். கீறல் எங்கருந்து கிளம்புது?"

பொத்தானுக்கு அடியிலிருந்துதான் கிளம்பியிருந்தது. எல்லாப் பிடியிலும்.

"அவர் உடைக்கலங்க. நீங்கதான் உடைக்கிறீங்க. அடிக்கிற அடியில கொம்பு உள்ளயே விரிசல் விட்டுப்போகுது. நாலு தடவை திறந்து மூடினா அவர் கையில வருது. வெத்தலைபாக்கு வெச்சு வாராவாரம் அவரை அழைக்கிறதே நீங்கதான்."

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றார்.

"நான் சொன்னா நீ அப்படிச் சிரிக்கிறதில்ல" என்று கடைசியில் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"நீங்க எங்கங்க சொன்னீங்க? கதவு கீச்சிடுது, எண்ணெய் விடணும். இந்த வாரம் முழுக்க நீங்க பேசினது அவ்வளவுதான்."

அன்று மறுபடியும் அதே கத்தி, வேறு பிடி. எந்தக் கத்திக்கும் அவர் அவ்வளவு பாசமாகத் தட்டியதில்லை. ஒருத்தனை வாசற்படி ஏறாமல் செய்ய இவ்வளவு மென்மை வேண்டுமா என்று அவருக்கே ஆச்சரியம். கத்தி இரண்டு பட்டைகளிலும் உரசாமல் நடுவில் மடங்கியது. கம்பித்தலை கடுகாக நின்றது.

செருப்புச் சத்தம் நின்றுபோனது. மெருகுக்காரர் சாப்பிடும்போது ஒரு தமாஷ்கூடச் சொன்னார். "அப்புறம்?" என்றாள்.

பிறகு ஒரு காலை, சரக் சரக்.

"அண்ணீ... அண்ணன் கையே கை! பிடி இம்மி அசையல. எங்க ஆளுங்க எல்லார்கிட்டயும் காட்டிட்டேன்." சலூன்காரர் துணிப்பையைக் கவிழ்த்தார். மேஜை முழுக்கத் துருக்கத்திகள். "ஒண்ணொண்ணா முடிச்சா போதும் அண்ணே, அவசரமில்ல. நானே வந்து வந்து வாங்கிக்கிறேன்."

மெருகுக்காரரின் கை தானாகவே சுத்தியலைத் தேடியது. இருக்கும் இடத்தில் இல்லை. சக்கரத்துக்கு அடியில் துழாவினார். அங்கேயும் இல்லை. திரும்பினால், அது அவள் மடியில்.

"தேடாதீங்க. இனிமே இவர் கொண்டுவர்றதையெல்லாம் நான் தட்டிக்கிறேன்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குப் பொறுக்கவில்லை. அரம் கீழே விழுந்தது. பின்னாலேயே சுத்தியலும் விழுந்தது. முதலில் முறைத்த மெருகுக்காரருக்கும் மீசை துடிக்க ஆரம்பித்தது.

சலூன்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன அண்ணி, நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே?"