சுவரில் நான் வாய் பிளந்து தூங்கிய கதை

ஈரச் சுண்ணாம்பும் பச்சை விறகுப் புகையும் சேர்ந்தால் ஒரு வாசனை வரும். மூக்கில் ஏறி, கண்ணில்தான் இறங்கும். எழுபதுகளில் மலைமேல் சின்னக்கானல் பக்கம் எஸ்டேட் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், குடியிருந்தவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை...

அப்போது எனக்கு டீ பேக்டரியில் வேலை. ஒற்றை அறை வீடு. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை, அதிலேயே இரண்டு பிள்ளைகள். போதாததற்கு என் மனைவி புஷ்பத்தின் கை.

அந்தக் கை சும்மா இருக்காது. அடுப்புக் கரியை அரைத்துக் கஞ்சித் தண்ணீரில் குழைப்பாள். செங்கல் தூள், துணிக்குப் போடும் நீலம்... அவ்வளவுதான் பெயிண்ட். கொழுந்து எடுத்துவிட்டு வந்து உலை வைத்தால், அது கொதிப்பதற்குள் சுவரில் ஒரு காட்டுமாடு நிற்கும். உலை பொங்கி அடுப்பே அணைந்துபோகும். அவள் மாட்டுக்குக் கொம்பு வைத்துக்கொண்டிருப்பாள். எனக்கு வருமே எரிச்சல்!

ஒரு மழைக்காலத்தில் வரைந்தாள் பாருங்கள்... என்னையே! கம்பளிக்குள் சுருண்டு, வாயைப் பிளந்து தூங்குகிறேன். சுவரின் பாதி நீளத்துக்கு. பல்வரிசை வரை அத்தனை தெளிவு.

லயத்து ஆட்கள் உப்பு கேட்க வருவதுபோல வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டு மாடசாமி, "மச்சான், கொறட்டைதான் கேக்கல. மத்தபடி நீயேதான்" என்றான்.

அந்த நேரம் பார்த்துத்தானா அந்தச் செய்தி வரவேண்டும்? மேல் டிவிஷன் புது லயத்தில் இரண்டு அறை வீடு ஒன்று காலி. கேட்டவர்களின் வீட்டையெல்லாம் வெல்ஃபேர் ஆபீசர் வந்து பார்ப்பாராம். வீட்டை ஒழுங்காக வைத்திருப்பவர்களுக்குத்தான் கொடுப்பாராம். நானும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சுவரைப் பார்த்தேன்.

"ஏ புஷ்பம், அத அழிச்சிரு புள்ள. வீடு கெடைக்காது."

"அழிச்சாப் போவாது. கஞ்சி போட்டுல்ல கொழச்சிருக்கேன். நல்லாத்தான இருக்கு? இருந்துட்டுப் போட்டும்."

அவளோடு பேசிப் பயனில்லை. ஆபீசர் வரும் அன்று காலையில் நானே வாளியில் சுண்ணாம்பைக் கரைத்து, கெட்டியாக இரண்டு பூச்சு அடித்தேன்.

அங்கேதான் என் அரைகுறைப் படிப்பு காலை வாரியது. சுண்ணாம்பு காய்ந்தால்தான் வெள்ளை. ஈரத்தில் அடியில் இருப்பதெல்லாம் தெரியும். மஞ்சு மூட்டம் கதவுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும் ஊரில், மழையில், அது என்றைக்குக் காய்வது? எண்ணெய் தேய்த்த மாப்பிள்ளை மாதிரி சுவரில் பளபளவென்று தூங்குகிறேன்!

காய வைப்போம் என்று அடுப்பில் விறகைத் திணித்தேன். பச்சை விறகு. புகை மண்டியது. பிள்ளைகள் இருமுகின்றன. புஷ்பம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வீடு வர்றதுக்குள்ள வீட்டுல ஆளு இருக்காது போலுக்கே" என்கிறாள். ஆபீசர் அப்போதுதான் உள்ளே வந்தார்.

மலையாளி. மடிப்புக் கலையாத சட்டை. குனிந்து நுழைந்ததில் தோளெல்லாம் சுண்ணாம்பு. கண்ணைக் கசக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் சுவரைப் பார்த்தார்.

"இது நீ தன்னே அல்லே?"

"ஆமா சார்."

சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்து, வாசலுக்கு ஓடிப்போய் மூச்சு வாங்கினார். "ஐயோ, இந்தப் புகையிலயா குட்டிகள வச்சிட்டு தாமசிக்கிறீங்க? அடுத்த மாசமே மாறிக்கோ."

கிடைத்துவிட்டது வீடு! என் புகையால். புஷ்பம் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. "எம் படத்தப் பாத்துத்தான் குடுத்தாரு" என்பாள்.

மாறிப் போவதற்குள் வெயில் வந்தது. சுண்ணாம்பு காய்ந்தது. நான் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, ஒரு சாயங்காலம் காணாமலே போனேன்...

இப்போது தேனியில் மகள் வீட்டில் இருக்கிறோம். ஹாலில் கடையில் வாங்கிய படம், கண்ணாடிச் சட்டத்தில். ஏதோ வெளிநாட்டு ஆறு. யாரும் நின்று பார்த்து நான் கண்டதில்லை. உப்பு கேட்டும் யாரும் வருவதில்லை. போனில் என் போட்டோ எவ்வளவோ கிடக்கிறது, எல்லாவற்றிலும் கிழவன். லயத்தில் யாரிடம் கேமரா இருந்தது? இளவயசில் நான் எப்படி இருந்தேன் என்று காட்ட இருந்த ஒரே படம், அந்தச் சுண்ணாம்புக்கு அடியில்.

போன வாரம் பேத்தியின் கலர் பென்சிலை எடுத்துப் புஷ்பத்திடம் கொடுத்து, "அதே மாதிரி ஒண்ணு வரையேன் புள்ள" என்றேன்.

மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"எங்க, வாயத் தொறங்க."

திறந்தேன்.

"அன்னைக்குப் பல்லு இருந்துச்சு. இப்ப அந்த எடத்துல என்னத்தப் போட்டு நெரப்ப?"

பென்சிலை மட்டும் திருப்பித் தரவில்லை.