நான்கு மணி நேரத் தொலைவில் ஒரு மாமன்

கால்நடையாகத் தலந்தோறும் சென்று பாடிய அடியார்களின் பதிகங்களை நாள்தோறும் ஓதுபவன் நான். என் பயணமெல்லாம் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் பேருந்தில் போய் வருவதோடு சரி. துபாய்க்கும் மதுரைக்கும் இடையே வானில் நான்கு மணி நேரம் என்பதை அண்டை வீட்டுப் பெண் சொல்லித்தான் அறிந்தேன்.

அவளுடைய மகனுக்குக் காதுகுத்து. பெற்றோரை இழந்த அவளுக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியிருப்பது துபாயில் எலக்ட்ரீசியனாக இருக்கும் தம்பி ஒருவன்தான். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பதால் அவன் விடுப்பு வாங்கியிருந்தான். அதிகாலை நான்கு மணிக்கு விமானம் என்று அவன் சொன்னதும், குழந்தையின் தகப்பனார் விரல்விட்டு எண்ணினார். எட்டு மணிக்கு மதுரை, ஒன்பதரைக்குக் கோயில். அதற்கேற்ப ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை முகூர்த்தமும் குறித்துவிட்டார்.

திருச்சுழிக்கு அப்பால், கருவேலங்காட்டை ஒட்டிய அவர்களுடைய குலதெய்வக் கோயிலில் கூடினோம். பதிகம் பாட என்னை அழைத்திருந்தார்கள். எட்டரை மணிக்கு, விமான நிலையத்துக்கு வண்டி கொண்டுபோனவரிடமிருந்து அழைப்பு வந்தது. அங்கே நான்கு மணி என்றால் நமக்கு ஐந்தரையாம். விமானம் ஒன்பதரைக்குத்தான் இறங்குமாம். தகப்பனார் பந்தல் காலைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

பத்து மணி ஆனதும் அவருடைய பெரியப்பா, அந்தப் பெண்ணுக்கு அண்ணன் முறையாகும் ஒருவரைத் தாய்மாமனுக்குப் பதிலாகப் பலகையில் அமரச் சொன்னார். அவரும் துண்டை உதறிப் போட்டு அமர்ந்தார். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னருகே வந்து மெல்லக் கேட்டாள்.

“அய்யா, நேரம் தப்புனா சாமி கோவிச்சுக்குமா?”

நல்ல நேரம் பார்த்தே எல்லாம் செய்து பழகிய நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்த ஆசாரி தலை நிமிராமல் சொன்னார்: “மாமன் பறந்து வாராக. ஊசி எங்கயும் பறந்துறாது தாயி. நான் இருக்கேன்.”

பெரியப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பலகையில் இருந்தவர் தாமாகவே எழுந்துகொண்டார். நான் தெரிந்தவற்றுள் நீண்ட பதிகமாகப் பார்த்துத் தொடங்கினேன். அது முடிந்ததும் இன்னொன்று. பத்தரை கடந்தது. நான் பாடிக்கொண்டேயிருந்தேன்.

பதினொன்றேகாலுக்கு வண்டி வந்தது. கசங்கிய சட்டையோடு இறங்கிய தம்பியின் கையைப் பிடித்து அவள் பலகைக்கு அழைத்துப்போனாள். ஆனால் மடியில் வைத்ததும் குழந்தை வீறிட்டது. பிறந்தது முதல் அவனைக் கைப்பேசியில் மட்டுமே கண்ட குழந்தை அது. தாயின் கையிலிருந்த கைப்பேசியை நோக்கிக் கை நீட்டி, மாமா, மாமா என்று அழுதது. அவ்வளவு தூரம் பறந்து வந்தவனின் முகம் வாடிப்போயிற்று.

அவன் குனிந்து, தினமும் அழைப்பில் கேட்பதையே கேட்டான்.

“ஏலே மருமகனே, சாப்ட்டியா?”

அழுகை நின்றது. குழந்தை கைப்பேசியைப் பார்த்தது. பிறகு மாமனின் வாயை விரலால் தொட்டுப் பார்த்தது. ஆசாரிக்கு அந்த நொடி போதும். ஊசி ஏறியதும் மறுபடி அழுதது. ஆனால் அழுதபடி இறுகப் பிடித்துக்கொண்டது மாமனின் சட்டையைத்தான்.

அவர்களைப் பார்த்தபடியே, வண்டி வந்தபோது பாதியில் நிறுத்திய பதிகத்தைத் தொடரப் போனேன். நெடுநாள் ஓதியதுதான். அடுத்த அடி எனக்கு நினைவுக்கு வரவில்லை.