யார் முதலில் கையெழுத்துப் போடுவது

எங்கள் பல்கலைக்கழகக் கட்டடத்தில் கீழே வேதியியல், மேலே பொருளாதாரம். இரண்டு துறைக்கும் போன் வசதியைக் கவனிப்பவர் என் பக்கத்து மேசை அக்கா.

போன மாதம் துறைத் தலைவர்கள் இருவரும் அறைகளை மாற்றிக்கொண்டு, அவரவர் போனையும் கையோடு தூக்கிப் போனார்கள். நம்பர் சுவரிலுள்ள இணைப்போடு நின்றுவிட்டது. அன்றிலிருந்து இவருக்கு வரும் அழைப்பு அவருக்குப் போகிறது. முட்டிவலியோடு மாடிப்படி ஏறி இறங்கி ஆளைக் கூப்பிடுவது அக்காவின் வேலையாயிற்று.

நம்பரை மாற்ற ஒரே தாளில் இருவர் கையெழுத்தும் வேண்டும். டெலிபோன் லைன்மேன் இன்று வந்திருந்தார்; இன்று விட்டால் இனி அடுத்த மாதம்தான்.

“அவர் போட்டுட்டாராம்மா?” என்றார் மேலே இருந்த தலைவர், அக்கா நீட்டிய தாளைப் பார்த்து.

“நீங்க போட்டா அவரும் போட்டுடுவார் சார்.”

“முதல்ல அவர் போடட்டும். நான் எங்கே ஓடிடப் போறேன்?”

கீழேயும் அதே பேச்சு. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். கைநாட்டு வைக்கும் என் அப்பாகூட இவ்வளவு பிகு செய்ததில்லை.

“என் நாத்தனாருங்களே தேவலை தம்பி” என்றார் அக்கா.

லைன்மேன் மாலைவரை பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் தலை மறைவதற்குள் அக்காவின் போன் அடித்தது. கீழே இருப்பவர்தான்.

“மேல இருக்கறவருக்கு இங்க போன் வந்திருக்கு. வரச் சொல்லும்மா.”

“நீங்களே ஏறிப் போய்ச் சொல்லிடுங்க சார். யார் முதல்ல போனதுன்னு நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

அக்கா போனை வைத்துவிட்டார். எழுந்திருக்கவில்லை.