ஜியாகிரபி டீச்சர் கவுன்சிலர் ஆன கதை

பிள்ளைக்கு நல்ல காலேஜ் கிடைத்தால் பெருமை பிள்ளைக்கு, கிடைக்காவிட்டால் பழி நமக்கு என்று ஒரு வேலை உண்டு. அதற்குப் பெயர் யுனிவர்சிட்டி கவுன்சிலர். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எந்த நாட்டில், எந்தக் கல்லூரியில், என்ன படிக்கலாம் என்று வழி சொல்ல வேண்டும். இன்டர்நேஷனல் ஸ்கூல்களில் இதே நாற்காலியில் அவதிப்படும் சக ஜீவன்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மாட்டிக்கொண்டது

காட்டுப்பாக்கத்தில் எங்கள் பள்ளியில் நான் ஜியாகிரபி டீச்சராக இருந்தேன். அப்போதிருந்த கவுன்சிலர் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட, அந்த வேலையை இனி நான் பார்க்க வேண்டும் என்றார் பிரின்சிபல் மேடம். எனக்கு அதில் ஒன்றும் தெரியாது, பாஸ்போர்ட்கூடக் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கெல்லாம் பயிற்சி இருக்கிறது, அனுப்பி வைக்கிறோம் என்றார். இத்தனை பேர் இருக்க நான் ஏன் என்று கேட்டபோது மட்டும் சற்று யோசித்தார்.

“உங்களுக்குத்தானே மேடம் எந்த நாடு எங்க இருக்குன்னு தெரியும்.”

நான் அப்பாவாக நடித்தது

பயிற்சி பூந்தமல்லியில் ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்தது. நடத்தியவர் மீரா மேடம், இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர். பெற்றோர் பேசும்போது குறுக்கே பேசாதீர்கள், அவர்கள் நிறுத்தினாலும் உடனே ஆரம்பிக்காதீர்கள், கொஞ்சம் சும்மா இருங்கள் என்றார். டீச்சர்களைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது?

அதை நடித்துப் பார்க்க ஜோடி சேர்த்தார்கள். என் ஜோடி ஜோசப் சார், ஆவடிப் பக்கம் பி.டி. மாஸ்டராக இருந்து என்னைப் போலவே மாட்டிக்கொண்டவர். நான் பிடிவாதக்கார அப்பா, அவர் கவுன்சிலர். என் பையன் டாக்டர்தான் ஆகணும் என்று ஒரே பிடியாக நின்றேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டார். விசில் ஊதிப் பழகிய மனிதர் எவ்வளவுதான் தாங்குவார்? கடைசியில் எழுந்தே விட்டார்.

“சார், உங்க பையன நான் பாத்துக்கறேன். நீங்க மொதல்ல கிரவுண்ட ஒரு ரவுண்டு ஓடிட்டு வாங்க.”

என் கட்டுரை

மறுநாள், விண்ணப்பத்துக்காகப் பிள்ளைகள் எழுதுவதுபோல நாங்களும் எங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்றார்கள். நானா விடுவேன்? பருவக்காற்று, பூமியின் சுழற்சி, கல்வியின் மேன்மை என்று வெளுத்து வாங்கினேன். மீரா மேடம் நிதானமாகப் படித்தார். பாராட்டத்தான் போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“ரொம்ப நல்லாருக்கு. இதுல நீங்க எந்த வரில வர்றீங்க மேடம்?”

செல்வம் சார்

பயிற்சி முடிந்து எனக்கு வந்த முதல் பெரிய சோதனை, பன்னிரண்டாம் வகுப்புக் காவ்யாவின் அப்பா செல்வம் சார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவர். பரம்பரையாக அந்த ஊர்க்காரர். காவ்யாவுக்கு ஸ்காட்லாந்தில் கடல் உயிரியல் படிக்க ஆசை. அவரோ வரும்போதெல்லாம் ஒரு புதுக் காரணத்தோடு வருவார். ஒருநாள் குளிர், இன்னொரு நாள் சாப்பாடு. கடலைப் பற்றிப் படிக்க அவ்வளவு தூரம் எதற்கு, மெரினா இங்கேதானே கீது என்பது வேறொரு நாள்.

ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி அலுத்துப்போய், அவர் மகளோடு வந்த ஒருநாள் நான் வாயே திறக்கவில்லை. அவரும் பேச்சை நிறுத்தினார். மகள் பக்கத்திலேயே தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். அவர் கைக்குட்டையை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அப்புறம் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“இவ அம்மா போனப்புறம் ஊட்ல நாங்க ரெண்டு பேருதான் டீச்சர். இவளும் பூட்டா நான் யாராண்ட பேசுவேன்?”

போனவளும் இருந்தவரும்

அப்பாவுக்குத் தன்மேல் நம்பிக்கை இல்லை என்றுதான் காவ்யா அதுவரை நினைத்திருந்தாளாம். இருவரும் வெளியே போய், பார்க்கிங் பக்கத்து வேப்பமரத்தடியில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியே பார்த்தேன். மறுநாள் விண்ணப்பம் போடச் சொல்லி அவரே போன் செய்தார். அவள் ஆசைப்பட்ட கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. என் அறையில் உட்கார்ந்து அழுதாள். அங்கேயே அடுத்ததாக நினைத்திருந்த கல்லூரி கூப்பிட்டது, போய்விட்டாள்.

சில மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை செல்வம் சார் பள்ளிக்கு வந்தார். மத்தியானம் பட்டறையில் அவர் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அங்கே அவளுக்கு விடிந்திருக்கும், வீடியோவில் வந்துவிடுவாளாம். ஏதேதோ மீனைப் பற்றிப் பேசுவாளாம். ஒன்றும் புரியாது, ஆனாலும் போனை வைக்க மனசு வராது என்றார். என் கையில் இருந்த பையைப் பார்த்து, எங்கே கிளம்பிட்டீங்க என்று கேட்டார். அடுத்த பயிற்சிக்கு என்றேன். கைக்குட்டையை எடுத்து மடித்துக்கொண்டே கேட்டார்.

“எங்கள மாதிரி ஆளுங்களுக்கு எதுனா ட்ரெய்னிங் கீதா டீச்சர்?”

பிள்ளைகளை அனுப்பி வைக்கிற எங்களுக்கு வருஷா வருஷம் பயிற்சி நடத்தி, சான்றிதழும் மதியச் சாப்பாடும் போடுகிறார்கள். அனுப்பிவிட்டு வீட்டில் தனியாக இருப்பவர்களோ எல்லாவற்றையும் பரீட்சை ஹாலுக்குள் போய்த்தான் கற்றுக்கொள்கிறார்கள்.