பந்தியில் எழுந்து நின்றவர்

கொழும்பு வெள்ளவத்தைக் கலியாண மண்டபத்தில் என் பக்கத்தில் சாப்பிட்டவர் நியூசிலாந்திலிருந்து வந்த மாவோரிக்காரர், அந்த மண்ணின் பூர்வகுடி. மணமகளோடு அங்கே வேலை செய்பவர். வாசலை அடைக்கிற உடம்பு. யார் எதைக் கேட்டாலும் எழுந்து நின்றுதான் பதில் சொல்வார்.

எதிரே இருந்த அன்ரி விடவில்லை. "தம்பி, இவர் ஆற்றை மகனாம்? கேட்டுச் சொல்லும்."

எங்கள் ஆட்கள் யாருடைய மகன் என்று கேட்பது சாதியை மோப்பம் பிடிக்கத்தான். கூச்சத்தோடு ஆங்கிலத்தில் கேட்டேன்.

மனிதர் எழுந்தார். அவர்கள் வழக்கப்படி தன் மலை, தன் நதி, பாட்டன், பூட்டன், முன்னோர் வந்திறங்கிய வள்ளம் வரை சொன்னார். பாயாசக்காரர் வாளியோடு காத்து நின்றார்.

"நாலு வயதில் அரசாங்கம் என்னை அம்மாவிடமிருந்து பறித்து வெள்ளைக்காரர் வீட்டில் விட்டது. அங்கே ஒருவரும் இதைக் கேட்கவில்லை. இந்தப் பெயர்களைத் தேடி எடுக்க எனக்கு நாற்பது வயதாகிவிட்டது" என்றார்.

தமிழில் சொன்னேன். அன்ரியின் கையில் அப்பளம் அப்படியே நின்றது. "ஐயோ, பாவம் பிள்ளை" என்றவர், உடனே என் பக்கம் திரும்பினார். "அப்ப நீர் ஆற்றை மகன்?"

இரண்டு பேருக்கும் விளங்க அப்பாவின் பெயரைச் சொன்னேன், பாட்டனின் பெயரைச் சொன்னேன், சரக்குத் தீர்ந்தது. மாவோரிக்காரர் மிச்சத்துக்காக மரியாதையாகக் காத்திருந்தார்.

என்னை எந்த அரசாங்கமும் தூக்கிக்கொண்டு போகவில்லை.